புல்தரையில் ஒரு மூடி

இங்கிலாந்தில் புதுவீடு விற்கும் விளம்பரங்களில் பின்பக்கத் தோட்டம் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். வெட்டிவிட்ட புல், ஒரு மேசை, இரண்டு கோப்பை, சுள்ளென்று வெயில். (அந்த ஊரில் வெயில் என்பதே விற்பனைக்காரரின் கைவண்ணம்.) கடன் வாங்கி, கையெழுத்துப் போட்டு, சாவியோடு உள்ளே போய்ப் பார்த்தால், மேசை இருந்திருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு மேன்ஹோல் மூடி உட்கார்ந்திருக்கும். சில வீடுகளில் ஜோடியாக இரண்டு: ஒன்று கழிவுநீருக்கு, மற்றது மழைநீருக்கு.

இது ஏன் இங்கே வந்தது என்று கேட்டால் கட்டியவர் ஒரு வரைபடத்தை நீட்டுவார். அதை மடித்து வைத்துவிட்டு ஏழு நூற்றாண்டு பின்னால் போய்ப் பார்ப்பது நல்லது. பாதி உலகத்தைக் கட்டி ஆண்ட அந்த தேசத்துக்கு, உள்ளூரில் தீராத தலைவலி ஒன்று இருந்தது. நம் வீட்டில் போனதை யார் தலையில் கட்டுவது?

1326-ல் லண்டனில் ரிச்சர்ட் என்றொருவர் இருந்தார். தெருக் கூட்டி அசுத்தம் அள்ளுவது தொழில். ஊரையெல்லாம் சுத்தம் செய்தவர், ஒருநாள் தன் வீட்டுக் கக்கூஸில் உட்கார்ந்திருந்தபோது உளுத்த பலகை முறிந்து, கீழே இருந்த குழிக்குள் விழுந்து மூழ்கிப்போனார். மரண விசாரணை ஏட்டில் இது பதிவாகியிருக்கிறது. எந்த மூடி எத்தனை டன் தாங்கும் என்று இன்று கணக்குப் போடும் பொறியாளர்கள் வருடத்துக்கொரு முறை அவர் பெயரில் ஒரு மாலை போடலாம்.

1596-ல் ஜான் ஹாரிங்டன் தண்ணீர் ஊற்றித் தள்ளும் கக்கூஸ் ஒன்றை வடிவமைத்தார். அவருடைய ஞானத்தாய் முதலாம் எலிசபெத் அரசி. கக்கூஸ் கட்டியதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. அதைச் சாக்கிட்டு அரசவையை நையாண்டி செய்து புத்தகமும் எழுதினார். அரசிக்குக் கோபம். ஊர் பழையபடி குழிக்கே திரும்பிவிட்டது.

அந்தக் குழிகளில் பல வீட்டுக்கு அடியிலேயே இருந்தன. நிரம்பினால் ஆள் வைத்து அள்ள வேண்டும், அதுவும் ராத்திரியில் மட்டும். அதற்குக் காசாகும் என்பதால் கனவான்கள் முடிந்தவரை தள்ளிப்போட்டார்கள். சாமுவேல் பீப்ஸ் கடற்படை அலுவலகத்தில் பெரிய உத்தியோகஸ்தர். அவருடைய நிலவறை ஜன்னலைப் பக்கத்தில் குடியிருந்த சர் வில்லியம் பேட்டன் அடைத்துவிட்டார். வேறு ஜன்னல் எங்கே வைக்கலாம் என்று பார்க்க 1660 அக்டோபர் 20 அன்று பீப்ஸ் நிலவறைக்குள் இறங்கினார். கால் போய்ப் புதைந்தது பக்கத்து வீட்டு டர்னருடைய மலக்குவியலில். டர்னரின் குழி நிரம்பிச் சுவர் தாண்டி வந்திருந்தது. நம் ஊரில் என்றால் தெருவே கூடியிருக்கும். பீப்ஸ் மனசு சங்கடப்பட்டு, சரிசெய்ய ஏற்பாடு பண்ணுவதாக டைரியில் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். காலை எதில் கழுவினார் என்று எழுதவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தண்ணீர்க் கக்கூஸ் வசதியானவர்கள் வீட்டுக்கெல்லாம் வந்தது. சங்கிலியை இழுத்தால் எல்லாம் மாயம். எங்கே மாயம் என்று யாரும் கேட்கவில்லை. குழிகள் பொங்கின. அப்புறம் மழைநீருக்காகக் கட்டிய சாக்கடைகளில் இணைப்புக் கொடுத்தார்கள். அவை தேம்ஸ் நதிக்குப் போயின. குடிதண்ணீர் கம்பெனிகள் பல தண்ணீர் எடுத்ததும் அதே தேம்ஸில்தான். எட்வின் சாட்விக் என்ற சுகாதாரச் சீர்திருத்தக்காரர் நாற்றம்தான் நோய் என்று தீர்மானமாக நம்பினார். சாக்கடைகளையெல்லாம் நதிக்குள் அலசிவிட்டார்கள். 1848–49 காலராவில் லண்டனில் 14,000 பேருக்கு மேல் செத்தார்கள். இந்த இடத்தில் எனக்கு நகைச்சுவை வரவில்லை.

அரசாங்கத்துக்குப் புத்தி வந்தது 1858 கோடையில். காரணம், நதிக்கரையில் இருந்த நாடாளுமன்றத்துக்குள்ளேயே நாற்றம் புகுந்தது. திரைச்சீலைகளைச் சுண்ணாம்பு குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். பிரயோஜனமில்லை. நிதியமைச்சர் டிஸ்ரேலி ஒரு கையில் காகிதக் கட்டும் மூக்கில் கைக்குட்டையுமாக ஓடினார். ஏழைகள் பல வருடம் செத்தும் நகராத சாக்கடைக் கோப்பு, உறுப்பினர்களின் மூக்கு எரிந்ததும் பதினெட்டே நாளில் சட்டமானது.

வேலையைச் செய்தவர் பொறியாளர் ஜோசப் பசல்ஜெட். 82 மைல் பிரதானச் சாக்கடை, 318 மில்லியன் செங்கல். நகரத்தின் கழிவை மொத்தமாகக் கிழக்கே கொண்டுபோய், கடல் வற்றும் நேரம் பார்த்து அதே தேம்ஸில் திறந்துவிட்டார். டர்னர் பீப்ஸுக்குச் செய்ததை லண்டன் கீழ்க்கரை ஊர்களுக்குச் செய்தது. பெரிய அளவில், அரசு செலவில். 1865-ல் வேல்ஸ் இளவரசர் வந்து திறப்புவிழாவும் நடத்தினார்.

கழிவுக்குக் கால் கிடையாது, சரிவுதான் வாகனம். பசல்ஜெட் முடிந்தவரை சரிவை நம்பினார்; உங்கள் வீட்டுக் குழாயும் நம்புவது அதைத்தான். 80 அடி ஓடினால் ஓரடியாவது இறங்க வேண்டும். திரும்பும் இடத்திலும் இன்னொரு குழாய் சேரும் இடத்திலும் அடைப்பெடுக்க வழி வேண்டும். வீடுகளை நெருக்கி நெருக்கிக் கட்டினால் அந்த இடங்கள் யாராவது ஒருவர் புல்தரையில்தான் வந்து விழும். திருகாணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கிப் பாருங்கள். அடியில் பிளாஸ்டிக் தொட்டி, அதில் இரண்டு வாய்க்கால் வந்து ஒன்றாகும். ஒரு பக்கம் உங்கள் வீட்டுக் குழாய், காய்ந்து கிடக்கும். மறுபக்கம் நுரையோடு வெதுவெதுவென்று தண்ணீர் வரும். மூன்றாவது வீட்டுக்காரர் குளித்து முடித்துவிட்டார் என்று அர்த்தம்.

2011 அக்டோபர் 1 வரை இப்படிப் பல வீடுகள் பகிரும் குழாய்கள் பெரும்பாலும் அந்தந்த வீட்டுக்காரர்களின் கூட்டுச் சொத்து. அடைத்தால் தெருவே சண்டை போடலாம். அன்று முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அவற்றைத் தண்ணீர்க் கம்பெனிகளிடம் ஒப்படைத்துவிட்டார்கள். புல் உங்களுடையது, குழாய் கம்பெனியுடையது. அதற்கு மூன்று மீட்டருக்குள் ஒரு கண்ணாடி அறை கட்டுவதாக இருந்தாலும் கம்பெனியின் சம்மதம் வேண்டும். 2011-க்குப் பிறகு கட்டிய குடியிருப்புகளில் இன்னொரு கூத்து: குழாயைக் கம்பெனி முறைப்படி தத்தெடுக்க வேண்டும், அதுவரை பொறுப்பு கட்டியவருடையது. இடைப்பட்ட காலத்தில் அடைத்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் போன் போடுங்கள். இருவரும் ரொம்ப மரியாதையாக அடுத்தவர் நம்பரைத் தருவார்கள்.

ஆகவே அங்கே வீடு வாங்கும் உறவினர் யாராவது இருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சமையலறைப் படத்தை அப்புறம் பார்க்கலாம்; முன்பணம் கட்டுவதற்கு முன்னால் சாக்கடை வரைபடத்தைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால், மூடியை மண் போட்டு மூட வேண்டாம்; புல் வளர்க்கிற மாதிரி குழிந்த தட்டு மூடி கடையில் கிடைக்கிறது. மேலே பூந்தொட்டி வைப்பதானால் ஒரே ஆள் நகர்த்தக்கூடிய தொட்டியாக வைக்கட்டும்.