கைவிடப்பட இருக்கும் பெண்கள் கவனத்துக்கு

திருவண்ணாமலை மாவட்டம், போளூர் வட்டம், சந்தவாசலிலும் அதற்கு மேலே ஜவ்வாது மலையிலும் குடியிருக்கும் பெண்களுக்கு அறிவிக்கப்படுவது யாதெனில்: புருஷன் உங்களைத் துரத்தப் போகிறான் என்று தெரிந்தால் முன்கூட்டியே திட்டமிட்டுக்கொள்ளுங்கள். திடுதிப்பென்று துரத்தப்படும் பெண்ணுக்கு அரசிடம் படிவம் இல்லை.

முதலில் வயது. 30-க்கு முன் துரத்தப்படாதீர்கள். கைவிடப்பட்ட பெண்களுக்கான உதவித்தொகை அந்த வயதிலிருந்துதான் தொடங்குகிறது. இருபத்து மூன்றில் கைக்குழந்தையோடு தெருவுக்கு வந்தால் அது உங்கள் அவசரம். அடுத்து, விவாகரத்துத் தீர்ப்போ கோர்ட்டில் வாங்கிய பிரிவுச் சான்றோ கையில் இல்லையென்றால், அவன் விட்டுப்போய் 5 ஆண்டு நிறைந்திருக்க வேண்டும். நாலரை ஆண்டு என்றால் நீங்கள் கைவிடப்பட்டவர் அல்ல, சும்மா கோபித்துக்கொண்டு வந்தவர். ஐந்தாண்டும் ஆகிவிட்டதென்று வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என வரிசையாக ஒப்புக்கொண்டால் மாதம் 1,200 ரூபாய்.

அந்த ஐந்தாண்டும் எங்கே படுப்பது? கவலை வேண்டாம். மாவட்டத் தலைநகரில் சகி மையம் இருக்கிறது. ராத்திரி அடிபட்டுப் போனாலும் கதவு திறப்பார்கள், சோறு போடுவார்கள், வழக்குக்கு வழி சொல்வார்கள். நல்ல மையம். 5 நாள் தங்கலாம். மிச்சம் 1,820 நாள்தானே, சமாளித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலும் தங்க சக்தி சதன் இல்லங்கள் உண்டு. பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம். பையனுக்கு 12 வயது தாண்டியிருந்தால் மட்டும் அவனுக்கு வேறு இல்லம். புருஷனை விட்டு வந்தவள் மகனையும் விட்டுவிட்டு வரட்டும், பழக்கம்தானே.

வீடே வேண்டுமா? தாராளமாக. பிரதமர் வீட்டுத் திட்டத்தில் கட்டும் வீடு பெண் பெயரில், இல்லையேல் கணவன் மனைவி இருவர் பெயரில். நல்ல விதி, கிண்டல் செய்யவில்லை. ஆனால் 2016-ல் வந்த அந்தத் திட்டத்தின் பட்டியல், 2011-ன் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பிலிருந்து பிறந்தது. கணக்கெடுக்க வந்தவர் உங்களை எந்த வீட்டு அடுப்படியில் பார்த்தாரோ அந்தக் குடும்பத்தில் எழுதிக்கொண்டு போனார். இன்றைக்குப் போய்ப் பாருங்கள், பெயர் இருக்கலாம்: துரத்தியவன் பெயருக்குக் கீழே.

இன்னொன்று. பெண்ணே தலைமையேற்று நடத்தும் குடும்பத்தை வறிய குடும்பம் என்று அந்தக் கணக்கெடுப்பு ஏற்றுக்கொள்கிறது, 16 முதல் 59 வயதுக்குள் ஆண் யாரும் இல்லையென்றால். மகன் பத்தாம் வகுப்பு முடித்தானோ இல்லையோ, உங்கள் வறுமை தீர்ந்தது. ஓட்டுப்போட வயது பத்தாத பையன், கல்யாணத்துக்கு வயது பத்தாத பையன், தாயின் ஏழ்மையை ஒழிக்க மட்டும் வயது வந்தவன்.

மாநில அரசின் கை இன்னும் தாராளம். கலைஞர் கனவு இல்லம்: வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், 360 சதுர அடி, 2030-க்குள் 8 லட்சம் வீடுகள், குடிசையில்லாத் தமிழ்நாடு. நிபந்தனை சின்னதுதான். நீங்கள் குடிசையில் இருக்க வேண்டும். மனைக்குப் பட்டாவும் இருக்க வேண்டும். குடிசைக்காரருக்கு வீடு கிடைக்கும். குடிசையும் இல்லாதவள், முதலில் ஒரு குடிசை சம்பாதித்துக்கொண்டு வரட்டும்.

பட்டா எங்கிருந்து வரும்? புகுந்த வீட்டில் அது மாமனார் பெயரில். பிறந்த வீட்டில் அண்ணன் தம்பி பெயரில். சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. 2005-ல் தில்லியும் செய்தது. ஆனால் அந்தச் சட்டங்களால் மலையேற முடியவில்லை. 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டம் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்று அதன் இரண்டாம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது, மத்திய அரசு தனியே அறிவித்தால் ஒழிய. மலைமேல் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து மலையாளிப் பழங்குடிப் பெண்ணுக்கு அந்த அறிவிப்பு இன்னும் வந்து சேரவில்லை. பழங்குடிப் பெண்ணுக்குப் பங்கை மறுப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சத்தீஸ்கர் குடும்பம் ஒன்று தில்லி வரை போய் வாங்கிய தீர்ப்பு அது. நீங்களும் போகலாம். சந்தவாசலில் பஸ் நிற்கும்.

துரத்தாத புருஷனும் திரும்பாமல் போவதுண்டு. 2015 ஏப்ரல் 7-ல் சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. செம்மரம் வெட்டப் போனவர்கள் என்றார்கள். பலர் இந்த மலையையும் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள். பிணங்கள் வந்த ஊர்களுக்குத் தலைவர்கள் வரிசையாக வந்தார்கள், மாலை போட்டார்கள். அந்த மனைவிமார் குடியிருக்கும் மண் யார் பெயரில் இருக்கிறது என்று எத்தனை மாலைகள் கேட்டன?

வேலைக்குப் போகும் பெண்ணுக்கு வேலூரில் தோழி விடுதி உண்டு. களையெடுக்கவும் நூறுநாள் வேலைக்கும் போகிறவளுக்கு விடுதி இல்லை. அது வேலையில்லை போலும். வாடகைக்குத் தேடினால், "தனிப் பொம்பளைக்கு வீடு விடறதில்லம்மா." இந்த ஒரு விதிக்கு மட்டும் அரசாணையே தேவைப்படவில்லை, தெருவே போட்டுக்கொண்டது.

கேலி போதும். அரசாங்கத்து ஐயா, அடிபட்டு வெளியே வந்தவள் உங்களிடம் ஐந்தாண்டு அவகாசமா கேட்டாள்? அன்றைக்கு ராத்திரி கூரை கேட்டாள். சான்றிதழ் கேட்காமல் உடனே சாவி தரும் பத்து அறைகள், அவள் கூலிக்குத் தாங்கும் வாடகை, இரண்டாண்டுக்காவது யாரும் காலி செய்யச் சொல்ல முடியாத ஒப்பந்தம். பிறகு அவள் பெயரிலேயே ஒன்றரை சென்ட் மனைப் பட்டா. ஊருக்கு ஊர் சமுதாயக் கூடம் கட்டத் தெரிந்த அரசுக்கு இது கட்டத் தெரியாதா?

கிராம சபைதான் வீட்டுப் பட்டியலைப் பார்த்து ஒப்புதல் தருகிற இடம். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26, மே 1 போன்ற நாள்களில் கூட்டம் நடக்கிறது. சந்தவாசல்காரர்களே, அடுத்த கூட்டத்தில் டீக்கும் பிஸ்கட்டுக்கும் முன்னால் எழுந்து நின்று, உங்கள் தெருவில் திண்ணையில் படுத்திருக்கும் பெண்ணின் நிலையைச் சொல்லி, அவளுக்கு மனையும் வீடும் கேட்டுத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். போட்டதற்கு நகல் வாங்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள்.