எந்த பாட்ச்?

யாழ்ப்பாணத்தில் மார்ச் மாதம் வெய்யில் வரும். கூடவே கனடாவிலிருந்து எங்கள் பழைய மாணவர் ஒருவரும் வருவார். மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையில் 1904 முதல் நடந்துவரும் ‘வடக்கின் போர்’ கிரிக்கெட் ஆட்டத்துக்கும் அவர் படித்த பள்ளிக்கூடத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் விமான டிக்கற் அந்தக் கிழமைக்குத்தான் எடுப்பார். ஊரிலுள்ள பழைய மாணவர்கள் எல்லாம் கொட்டகைக்குக் கீழே கூடிக் கத்தும்போது, தான் மட்டும் ஸ்காபரோவில் வாசல் பனியை வழித்துக்கொண்டிருப்பது அவருக்குப் பொறுக்காது.

எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. 1816க்காரரைப் புகழ்ந்தால் 1823க்காரருக்குக் கோபம் வரும். அந்த 1823க்கே வட்டுக்கோட்டையும் சுண்டிக்குளியும் என்று இரண்டு பேர் உரித்தாளர். 1850க்காரரும் 1890க்காரரும் பேனையை எடுப்பார்கள். ஆண்கள் பள்ளிக்கூடம், போடிங் உண்டு, பழைய மாணவர் சங்கம் உண்டு, இவ்வளவு போதும். தாய்ச் சங்கத்தில் நான் உதவிச் செயலாளர். அதாவது, வெளிநாட்டிலிருந்து வருகிறவரை வாசலில் நின்று வரவேற்று, கையில் இளநீரைக் கொடுத்து, கோம்பையைத் திருப்பி வாங்குபவர்.

பெயரைக் கேட்டால் அவர் வருடத்தைச் சொல்வார். “எழுபத்தொன்பது ஏ.எல்.” நீங்களும் வருடத்தைத்தான் சொல்ல வேண்டும். சொன்னதும் உலகம் ஓர் ஒழுங்குக்கு வந்துவிடும். கொழும்பில் பேர்போன இருதய சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர், அறுபதைத் தாண்டியவர், வாய் தவறி “எண்பத்தொன்று” என்று சொல்லிவிட்டார்.

“அப்ப எனக்கு ரெண்டு வருசம் பின்னாலை. தம்பி, அந்தக் கதிரையை இஞ்சாலை இழுத்துப் போடும்.”

நிபுணர் இழுத்துப் போட்டார்.

அடுத்த கேள்வி, “போடிங்கோ, வீட்டிலை இருந்து வந்தனீரோ?” வீட்டிலிருந்து வந்தவர் என்றால் அவர் முகத்தில் ஓர் இரக்கம் படரும். பாவம், தாயின் கையால் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை! காலையில் கல்லுப் பாணும் தண்ணிச் சம்பலும், இரவில் புட்டுக்குள் தேங்காய்ப்பூவைத் தேடிய தேடலும் கிடைக்காத பிறவி. அந்தப் பாணை அன்றைக்கு நாய்க்கு எறிந்தவரும் இவர்தான். இன்றைக்கு அதே பாண் வேண்டும் என்று நகரமெல்லாம் பேக்கரி பேக்கரியாக என்னை ஏற்றி இறக்குகிறார். எல்லாம் மெத்தென்று இருக்கிறதாம்.

பிரம்படிக் கதைக்கு வருவோம். 1977இல் ஓர் இரவு, மதிலேறிக் குதித்து வின்சர் தியேட்டரில் இரண்டாம் காட்சி பார்த்துவிட்டு வந்தவர், போடிங் மாஸ்ரரிடம் பிடிபட்டார். இரண்டு கட்டில் தள்ளிப் படுத்திருந்தவன் நான். விழுந்த அடி மூன்று. தொண்ணூறுகளில் ரொறன்ரோ இராப்போசனத்தில் அது ஆறாயிற்று. இப்போது பன்னிரண்டு, பிரம்பும் முறிந்துவிட்டது. “அந்த அடிதான் தம்பி என்னை மனிசனாக்கினது” என்று சொல்லி மாஸ்ரரின் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தார். கனடாவில் தன் மகனிடம் வகுப்பு ரீச்சர் குரலை உயர்த்திப் பேசினார் என்று நாலு பக்கத்தில் முறைப்பாடு எழுதியவரும் அவரே.

அவருடைய முதலாவது கொடை மதில். தான் ஏறிக் குதித்த அதே இடத்தில் இரண்டடி உயர்த்தி, மேலே முட்கம்பியும் போட்டார். “இப்பத்தைப் பெடியளிட்டை ஒழுக்கம் காணாது.”

கொடை எங்கள் ஊருக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் மலாயாவில் கிளாக்கர் வேலையும் றெயில்வே வேலையும் பார்த்தவர்கள் அனுப்பிய காசில் பள்ளிக்கூடங்களும் கோவில்களும் எழும்பின. ‘மலாயன் பென்சனியர்’ என்றால் அன்றைக்கு ஊரே எழுந்து நிற்கும். அந்தக் கதிரையில் இப்போது கனடாவும் லண்டனும் இருக்கின்றன. ரொறன்ரோவில் எங்கள் சங்கம் இரண்டு. ஏன் இரண்டு என்று கேட்கக்கூடாது, கேட்டால் மூன்றாகும். லண்டன் கிளை ஸ்கோர் போர்ட் கொடுத்தால் ரொறன்ரோ அதைவிட ஓரடி அகலமான மேடை கொடுக்கும். மேடை மறைப்பதால் ஸ்கோர் போர்ட் தெரியாமல் போனது தற்செயல் என்றுதான் கூட்டக் குறிப்பில் இருக்கிறது.

காசு சேரும் விதமும் ஒரு கலை. மண்டபம் எடுத்து இராப்போசனம் வைப்பார்கள். சாப்பாட்டுக்காரர், சவுண்ட்காரர், மண்டபக்காரர் எல்லாருக்கும் கொடுத்த பிறகு மிஞ்சுவது பள்ளிக்கூடத்துக்கு. கல்லூரிக் கீதத்தின் முதலாம் அடியை நெஞ்சில் கைவைத்துப் பாடுவார்கள். இரண்டாம் அடியில் முணுமுணுப்பு. மூன்றாம் அடிக்குள் யாராவது புண்ணியவான் பைலாவைத் தொடங்கிவிடுவார். பிறகு, “இதுக்கு ராக்ஸ் றிசீற் வருமோ?” என்ற கேள்வி. கனடாவில் பதிவுபெற்ற தர்ம ஸ்தாபனம்தான் அந்தப் பற்றுச்சீட்டைக் கொடுக்கலாம். இல்லை என்று தெரிந்ததும் சிலருடைய பள்ளிப் பற்று பாதியாகும். எங்களவரை அப்படிச் சொல்ல முடியாது. 2022இல் 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் மூன்று மாதத்துக்குள் 360ஐத் தொட்டபோது கனடா டொலரும் கூடவே ஏறியது. ஒரு சதமும் கூட்டிக் கொடுக்காமலே அவருடைய நன்கொடை வீங்கிவிட்டது. அந்த வருட அறிக்கையில் அவரை ‘கொடைவள்ளல்’ என்று அச்சடித்தோம். அதற்கு முன் வெறும் ‘அன்பர்’.

இவ்வளவும் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் சரியில்லை. ஒவ்வொரு முறை வரும்போதும் அவர் மண்டபத்துச் சுவரில் தொங்கும் எழுபத்தொன்பதாம் ஆண்டுப் படத்தின் முன்னால் போய் நிற்பார். விரலை வைத்து ஒவ்வொரு முகமாகச் சொல்லிக்கொண்டு போவார். இவன் சிட்னி, இவன் நோர்வே, இவன் வவுனியாவிலை கடை. சில முகங்கள் வரும்போது விரல் மட்டும் நகரும், வாய் அசையாது. அந்த இடத்தில் நான் இளநீர் பற்றி ஏதாவது கேட்பேன்.

போன வருடம் அதிபர் துணிந்து வாயைத் திறந்தார். “சேர், போடிங் மலசலகூடத்துக் கதவெல்லாம் உக்கிப்போச்சுது. குழியும் நிரம்பிட்டுது. மாதம் ரெண்டுதரம் பவுசர் வரவேணும்.” எங்கள் மண் சுண்ணாம்புக்கல் மண். குழியும் கிணறும் மேலே எவ்வளவு தள்ளி இருந்தாலும் கீழே உறவு கொண்டாடும், தள்ளிப்போடக்கூடிய விஷயமல்ல.

அவர் கையில் வளைவு ஒன்றின் படம் இருந்தது. பத்தடி அகலம், மேலே இரண்டு சிங்கம், நடுவில் இடம் விட்டு ‘அமரர் விதானையார் ஞாபகார்த்த நுழைவாயில்’. தகப்பனார் விதானையாராக இருந்தவர். அந்தப் பதவியையே அரசாங்கம் எடுத்துவிட்ட பிறகும் ஊர் அந்தப் பட்டத்தை விடவில்லை.

“மலசலகூடத்திலை கல்லு எங்கை பதிக்கிறது?” என்று கேட்டார்.

அன்றிரவு அவருடைய மனைவி கனடாவிலிருந்து வட்ஸ்அப்பில் வந்தா. “மாமாவின்ரை பேரைக் கக்கூஸிலையோ போடப்போறியள்? ஆக்கள் என்ன கதைப்பினம்?”

மூன்று நாள் பேச்சு. கடைசியில் சிக்கலை அவிழ்த்தவர் மேசன். மலசலகூடத்துக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீருக்குத் தாங்கி வேண்டும். தாங்கியை எவ்வளவு உயரத்தில் வைக்கிறோமோ அவ்வளவுக்கு எழுத்துத் தெரியும். எங்களவரின் முகம் மலர்ந்தது. குழி, கதவு, குழாய், ஓடு எல்லாவற்றையும் தாங்கியின் ‘இதர செலவு’ என்ற தலைப்பில் போட்டுக்கொண்டோம். நாற்பதடி உயரத்தில் நீல நிற எழுத்து: ‘விதானையார் ஞாபகார்த்த நீர்த்தாங்கி’. ரோட்டில் பஸ்ஸில் போகிறவனும் கழுத்தைத் திருப்பாமல் வாசிக்கலாம்.

பெடியள் பெடியள்தான். தாங்கி திறந்து ஒரு மாதம் ஆகவில்லை. இரவுப் படிப்பு நேரத்தில் நான் போடிங் பக்கம் போயிருந்தேன். எட்டாம் வகுப்புப் பொடியன் ஒருவன் எழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நெளிந்தான்.

“சேர், ஒருக்கா விதானையாரிட்டைப் போட்டு வரட்டோ?”

“இப்பதானேடா விதானையாரிட்டை இருந்து வந்தனி?” என்றார் மாஸ்ரர், புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல்.

போன கிழமை அவர் ஸ்காபரோவிலிருந்து எடுத்தார். தாங்கி ஒழுகுதோ, பெயின்ற் மங்குதோ என்று விசாரித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “தம்பி, போடிங் பெடியள் அப்பாவை நினைக்கிறவங்களோ?”

“ஒவ்வொரு நாளும், அண்ணை” என்றேன். “விடியக்காலமை லைனிலை நிக்கிறாங்கள்.”