கலர் பாம்பும் காது கேக்காத நாயும்

ஏப்பா பேராண்டி, மிச்சிகன்ல உன் வீட்டுல ஆறு மாசம் இருந்தேன். அப்பல்லாம் ஒரு வார்த்தை கேக்காதவன், நான் ராஜபாளையம் வந்து சேந்து செருப்பைக் கழட்டுறதுக்குள்ள போன் போட்டு, "தாத்தா, பாம்பு தொழிலுக்கு ஒரு யோசனை சொல்லுங்க"ங்கற. நல்லதாப் போச்சு. நேர்ல சொல்லியிருந்தா மூஞ்சியச் சுளிச்சிருப்ப. இப்போ நல்லாச் சுளிச்சுக்க, வீடியோவை அணைச்சுத்தான் வச்சிருக்கேன்.

நீ செய்யுறது எனக்கு விளங்கின மட்டும் இதுதான். கானா, டோகோ, பெனின் பக்கம் கரையான் புத்துலயும் எலி வளையிலயும் கெடந்த சாதுவான பாம்பு. தொட்டா, தலையை நடுவுல ஒளிச்சுக்கிட்டு பந்து மாதிரி சுருண்டுக்கும். அதுனால பால் பைத்தான்னு பேரு. நான் மொதல்ல, பால்னா நாம காப்பிக்கு ஊத்துற பாலாக்கும்னு நெனச்சு, "பரவால்ல, பேரன் அமெரிக்கா போயும் புத்துக்குப் பால் வாக்குறதை விடல"ன்னு உன் பாட்டிகிட்டப் பெருமை பேசிட்டேன். அவ இன்னும் தெருவுல சொல்லிக்கிட்டிருக்கா. திருத்த வேணாம்.

அதோட பிறவிக் கலரு கருப்புல காவி விழுந்த மாதிரி இருக்கும். காட்டுல சருகுக்குள்ள கெடந்தா மிதிச்சாலும் தெரியாது. அப்படிப்பட்டதை, 1992-ல பாப் கிளார்க்னு ஒருத்தர் வெள்ளையும் மஞ்சளுமா, அல்பினோவா, கூண்டுக்குள்ளயே பொரிக்க வச்சுக் காட்டினாரு. அன்னைக்குப் பிடிச்ச கலர்ப் பைத்தியம் இன்னும் தெளியல. உன் அடுக்குப் பெட்டியில ஒட்டியிருந்த பேரெல்லாம் வாசிச்சுப் பாத்தேன். பனானா, கேரமல், சின்னமன், ஷாம்பெயின், பம்பிள்பீ. பாம்பு வளக்கற எடமா, பலகாரக் கடையான்னு ஆயிருச்சு.

நீ என்னை ஒரு ஞாயித்துக்கிழமை பாம்புச் சந்தைக்குக் கூட்டிட்டுப் போனியே. நம்ம மாட்டுத்தாவணியில துண்டைப் போட்டு மூடி, உள்ளுக்குள்ள வெரலைப் பிடிச்சு வெலை பேசுவோம். அங்க ஒவ்வொரு டப்பா மேலயும் வெலையை ஒட்டியே வச்சிருக்கான். நாகரிகம்தான். ஆனா மாட்டுக்கு நாங்க சுழி பாப்போம், பல்லைப் பிடிச்சுப் பாப்போம், நாலு எட்டு நடக்க விட்டுப் பாப்போம். அங்க வந்த பயலுக அத்தனை பேரும் கலரை மட்டும் பாத்தான். ஒருத்தன்கூட "கொஞ்சம் ஊர விடுங்க"ன்னு கேக்கல. வெளங்குமா?

அங்கதான் ஒரு கடைக்காரன் என்கிட்டயே வந்து "ஹெட்"னு ஒண்ணைக் காட்டினான். பாக்கச் சாதாப் பாம்பு. வெலை மட்டும் சாதா இல்ல. உள்ளுக்குள்ள வெள்ளை ஒளிஞ்சிருக்காம். நீ அப்புறம் வெளக்கினப்போ புரிஞ்சுச்சு: வெள்ளைங்கறது, அப்பன்கிட்ட இருந்து ஒண்ணு, ஆத்தாகிட்ட இருந்து ஒண்ணுன்னு ரெண்டு பங்கு வந்தாத்தான் வெளிய தெரியும். ஒரு பங்கு மட்டும் வந்தா உள்ளயே படுத்துக் கெடக்கும். ரெண்டு ஹெட்டைச் சேத்தா நாலுக்கு ஒண்ணு வெள்ளை. மிச்சச் சாதாக்குட்டி மூணுல ரெண்டு ஹெட்டா இருக்கும், எது எதுன்னு தெரியாது. அதுனால மூணையுமே "அறுபத்தாறு சதவீத ஹெட்"னு எழுதி விக்குறீங்க. ஆகா, இந்த வித்தை தெரியாமப் போச்சே! என் மாட்டுக் கொட்டில்ல இருந்த கெடேரியெல்லாம் "அறுபத்தாறு சதவீதம் சினை"ன்னு வித்திருப்பேனே.

அந்த நாலுக்கு ஒண்ணும் கணக்கு வாத்தியார் கணக்குதான். பாம்பு பள்ளிக்கூடம் போனதில்ல. ஆறு முட்டை போட்டு, நீ அறுபது நாள் பொட்டியில சூடு குடுத்துக் காவல் காத்து, ஆறும் சாதாவா வரும். அப்போ என்ன செய்வ? பொறுமை கெட்டு, அந்த ஹெட் அப்பனுக்கே மகளைச் சேப்ப. ஏப்பா, நம்ம பக்கம் அக்கா மகளைக் கட்டுறேன்னாலே ஆஸ்பத்திரி டாக்டரம்மா மொறைக்கிறாக. நீ அப்பனுக்கும் மகளுக்கும் முகூர்த்தம் குறிக்கிற. பத்திரிகை அடிச்சியா?

ஒரு தடவைன்னா பாதகமில்லாமப் போகலாம். அதையே தலைமுறை தலைமுறையாச் செஞ்சா, உள்ள படுத்துக் கெடந்த சீக்கெல்லாம் ஜோடி சேந்து எந்திரிக்கும். அதுக்கு மருந்து இருக்கு. ஒட்டு ஒறவில்லாத எடத்துல இருந்து ஒரு நல்ல சாதாப் பாம்பு வாங்கி, ரத்தத்தை மாத்தி விடு. ரெண்டு மூணு வருசம் பிந்தும், அம்புட்டுத்தான். இது துணியில பட்ட கறை. தொவைச்சாப் போயிரும்.

தொவைச்சாலும் போகாத ஒண்ணு இருக்கு. கறை இல்ல அது, சாயமே அதுதான். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. ஏன்னா நான் அதுல மாட்டினவன்.

நம்ம ஊரு நாய்னா பால் வெள்ளை, ரோஸ் மூக்கு. ஒரு புள்ளி விழுந்தாலும் ஆளுக மதிக்க மாட்டாக. புள்ளி விழுந்த குட்டியை அந்தக் காலத்துல என்ன செஞ்சாகன்னு நீ கேக்காத, முதுகெலும்பு கோணிப் பொறந்த பாம்புக்குட்டியை நீ என்ன செய்யுறன்னு நானும் கேக்கல. வெள்ளைக்கு வெள்ளை, அதுக்கும் வெள்ளைன்னு சேத்துச் சேத்து, ஒரு ஈத்துல பளிங்கு மாதிரி ஒரு குட்டி எடுத்தேன். தோட்டக்காரர் ஒருத்தர் சொன்ன வெலைக்கு வாங்கிட்டுப் போனாரு. மூணு மாசம் கழிச்சு வந்தாரு. "அண்ணாச்சி, உங்க நாய் ரொம்ப மரியாதையான நாய். களவாணி மோட்டாரைக் கழட்டுற வரைக்கும் பக்கத்துலயே படுத்துத் தூங்கிச்சு. அவனுக்கு ஒரு தொந்தரவும் குடுக்கல"ன்னாரு. செவிடு. பின்னால நின்னு ஒரு தட்டைத் தட்டிப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். நான் கலரைத்தான் பாத்தேன்.

மாட்டு டாக்டர் சொன்னாரு: தோலுக்கும் மயிருக்கும் கலர் குடுக்குற செல்லு காதுக்குள்ளயும் ஒரு வேலை பாக்குதாம். வெளிய கலரே வரக் கூடாதுன்னு வெரட்டினா சில குட்டிக்குக் காதுக்குள்ளயும் அது வராமப் போயிருதாம்.

உன் பொட்டியில மூணாவது வரிசையில இருக்குற ஸ்பைடர்ங்கற கலர் வகையும் அந்தக் கதைதான். எலியைப் பாத்து அடிக்கையில ஒரு சாண் தள்ளி அடிக்குது. தலை ஊசலாடுது, மல்லாந்து வானத்தைப் பாக்குது. நீ "தாத்தா, அது அதோட சுபாவம்"ன்ன. ஆடத் தெரியாதவ கூடத்தைக் கோணல்ன்னா, நீ கூடம் கோணலா இருக்குறதை ஆட்டம்ங்கற. 1999-ல ஆரம்பிச்ச வம்சம். ஆப்பிரிக்காவுல இருந்து வந்த ஒத்தைப் பாம்போட வாரிசுதான் அம்புட்டும். எத்தனை தடவை வேத்து ரத்தம் சேத்துப் பாத்தாக! ஒண்ணுக்குக் கொறைச்சல், ஒண்ணுக்குக் கூடுதல், ஆனா அந்த ஸ்பைடர்க் கோலம் வந்த பாம்புக்கு ஆட்டமும் கூடவே வந்துச்சு. 2022-ல ஜெர்மனிக்காரங்க ஸ்கேன் எடுத்துப் பாத்து, உள்காதுல நிலை பாக்குற குழாயும் பையும் கோணிக் கெடக்குன்னு சொல்லிப்புட்டாக. பாரு, அங்கயும் காதுதான். பிரிட்டன்ல இன்டர்நேஷனல் ஹெர்பெட்டாலஜிக்கல் சொசைட்டி தன்னோட சந்தையில ஸ்பைடரை விக்கவே விடுறதில்ல.

அதுனால உனக்கு ரெண்டு வழி. சுலபமான வழி, "மகுடி இல்லாமலே ஆடும் பாம்பு"ன்னு விளம்பரம் போடு, பிச்சுக்கிட்டு விக்கும். ரெண்டாவது வழி, அந்த வம்சத்தை அதோட நிறுத்திட்டு, அந்த ஒண்ணை மட்டும் கடைசி வரைக்கும் வச்சுச் சோறு போடு. கடைசி வரைக்கும்னா லேசுல நெனைக்காத, இருபது முப்பது வருசம் இருக்கும். செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலையில அறுபது தாண்டின ஒரு கிழவி 2020-ல ஏழு முட்டை போட்டாளே, ஆம்பளைப் பாம்பு பக்கத்துலயே வராம! இதை உன் பாட்டிகிட்டச் சொன்னேன். "அதுக்காச்சும் நிம்மதி இருந்திருக்கு"ன்னுட்டு உள்ள போயிட்டா.

மத்த கலர் வகையையும் கேட்டுக்க. கேரமலுக்கு முதுகு கோணும். சின்னமனை சின்னமனோடவே சேத்தா வாத்து மூக்கோட குட்டி வரும். லெசரும் லெசரும் சேந்தா வெள்ளை வரும், முழி பிதுங்கியும் வரலாம். டெசர்ட் ஆண் பாம்பு பரவால்ல, பொண்ணைப் பிள்ளைப்பேத்துக்கு விட்டுறாத. ஸ்பைடரையும் ஷாம்பெயினையும் சேத்தியோ, முட்டையைப் பாத்து நீதான் அழணும். பனானாவும் பைட்டும் கெடக்கே, அதுக ஒழுங்கா ஊருது, ஒழுங்கா அடிச்சுத் திங்குது. கலர் ஆசைக்கு அது பத்தாதா? பொண்ணு ஒன்றரைக் கிலோ வர்ற வரைக்கும் ஆணைக் காட்டாத. அவசரப்பட்டா அதுக்கும் கேடு, உனக்கும் நட்டம்.

ஹெட்டு விக்கும்போது வெறும் வாயால சொல்லி விக்காத. உங்க மிச்சிகன்லயே ஒரு காலேஜுப் பிள்ளைக பாம்புச் சட்டையை வாங்கி, அல்பினோவுக்கு எந்த ஜீன் காரணம்னு கண்டுபிடிச்சிருக்காகளாம். இங்க நாம சட்டையைக் கண்டா ஒதுங்கிப் போறோம், அங்க தபால்ல அனுப்புறீக! இப்போ சில வகைக்குச் சட்டையை அனுப்பினா ஹெட்டா இல்லையான்னு சொல்லிருறாகளாமே. அனுப்பிப் பாத்துட்டு, உள்ளது என்னவோ அதைப் பொட்டியில எழுதி ஒட்டு. ஆடுறதை ஆடுதுன்னு எழுது.

எழுதி ஒட்டுறதுன்னதும் ஞாபகம் வருது. அடுத்த வருசம் உன் பாட்டியும் வர்றா. உன் ஃப்ரீசர்ல தேங்காத்துருவலும் உறைஞ்ச எலியும் ஒரே மாதிரி பொட்டலத்துல கெடக்கு. மொதல்ல அதுக்குப் பேரெழுதி ஒட்டு, பெரிய எழுத்துல. அவளுக்குக் கண்ணு முன்ன மாதிரி தெரியுறதில்ல.