படலைக் கடைசியில சாத்து, கண்ணு

ஏங்கண்ணு, பேரனை ஒரு எட்டுப் பாத்துட்டுப் போலாம்னு பல்லடத்துலேர்ந்து வைட்ஃபீல்டுக்கு வந்தா, நடுராத்திரியில கோழி குப்பையைக் கிளறுற மாதிரி போனைத் தேய்ச்சுக்கிட்டிருக்கிற. கேட்டா சீன எழுத்தாம், ஒரு நாளைக்கு அம்பதாம்!

பலே. சீனாக் கம்பெனி ஹுவாவேக்காரனே 1999-ல பெங்களூருக்கு வந்து, 2015-லதான் இந்த வைட்ஃபீல்டுல 17 கோடி டாலர் போட்டு வளாகம் கட்டினான். அவனுக்கு 16 வருசம். உனக்கு 16 நாள் பொறுக்காது.

ஒரு மாசத் தண்ணியை ஒரே நாள்ல கட்டினா சின்ன வெங்காயம் அழுகிப் போகும் சாமி. அஞ்சு எழுத்துப் போதும். அதையே நாளைக்கு ஒருக்கா, மூணாம் நாள் ஒருக்கா, எட்டாம் நாள் ஒருக்கா பாரு. மறந்து போற சமயத்துல பாய்ச்சுற தண்ணிதான் வேருக்கு இறங்கும்.

அப்புறம், ஒவ்வொண்ணையும் அசலூர்க்காரனைப் பாக்கற மாதிரி முறைக்காத. 1716-ல வந்த காங்ஷி அகராதி 47,000-க்கு மேல எழுத்தை 214 தலைக்கட்டுக்குள்ள அடக்கிடுச்சாம். நம்ம கோயில் வரிக் கணக்கு மாதிரித்தான். தலைக்கட்டு தெரிஞ்சா ஆளைக் கண்டுபுடிச்சரலாம். மரத்துக்கு ஒரு எழுத்து. ரெண்டு மரம் தோப்பு, மூணு மரம் காடு. மரத்துக்குப் பக்கத்துல ஆளைச் சாய்ச்சு வெச்சா ஓய்வு. நாப்பது வருசமா வேப்பமரத்தடியில நான் எழுதிக்கிட்டிருந்தது சீனம்னு தெரியாம, உங்கப்பத்தா என்னைச் சோம்பேறின்னே திட்டிப்போட்டா.

அதுக்காக எல்லாத்துக்கும் படக்கதை கட்டாத. முக்காவாசி எழுத்துல ஒரு பக்கம் பொருளு, மறு பக்கம் சத்தம். அம்மா எழுத்துல பொம்பளைக்குப் பக்கத்துல குதிரை நிக்குது. குதிரையை அவன் 'மா'ங்கிறான், அந்தச் சத்தத்துக்காகத்தான் கட்டி வெச்சிருக்கான். ராகம் தப்பி அம்மாவைக் குதிரைன்னு கூப்ட்டராத. உங்கம்மா கரண்டியோட வருவா.

போனைக் கீழ வெய்யி. சத்தத்தைத் தட்டினா எழுத்து வரிசையா வந்து நிக்குது, நீ பொறுக்கிக்கிற. அப்படித் தட்டித் தட்டித்தான் சீனாக்காரனுக்கே பேனா எடுத்தா எழுத்து மறந்து போகுதாம். தாள்ல எழுது. 'நாடு' எழுத்து நம்ம ஆட்டுப்பட்டி மாதிரி. இடது சுவரு முதல்ல, மேலயும் வலதும் ஒரே இழுப்பு, அப்புறம் உள்ள இருக்கறது, அடிக்கோடு கடைசி. ஆட்டை அடைச்சுட்டுத்தான படலைச் சாத்துவோம்? நீ படலைச் சாத்திப்போட்டு, ஆட்டைச் சுவருக்கு மேல தூக்கிப் போடற.

இந்த 'வீடு' எழுத்துத்தான் எனக்குப் புடிச்சுது. மேல கூரை, அடியில பன்னி. பதினாலாவது மாடியில கோழிக்குஞ்சுகூட இல்லாத உன் பிளாட்டைச் சீனாக்காரன் வீடுன்னு ஒத்துக்குவானான்னு காலையில யோசிச்சேன். பத்து மணிக்கு உன் போர்வையை விலக்கிப் பாத்தேன். ஒத்துக்குவான்.

எங்க, எழுதினதைக் காட்டு. பன்னி சரி. கூரை உச்சியில ஒரு புள்ளி இருக்கணுமே, எங்க? அதை வெச்சுட்டுத் தூங்கு, ஒழுகப் போகுது.