வாட்டர்மார்க்கோடு ஒரு காதுகுத்து

எங்கள் தொழிலில் ஆயுள் மிகக் குறைந்த சரக்கு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். ராத்திரி ஒட்டினால் விடியற்காலையில் பாதியை ஆடு தின்றிருக்கும். மீதியைச் சாயங்காலம் சினிமா போஸ்டர் மூடிவிடும். ஆனால் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, அதை டிசைன் செய்தவனுக்கு அவன் உயிரோடு இருக்கும்வரை உரிமை உண்டு. அவன் போன பிறகும் 60 வருஷம் வாரிசுகளுக்கு உண்டு. எங்கும் பதிய வேண்டியதில்லை, வரைந்த மாத்திரத்தில் உரிமை வந்துவிடுகிறது. இதை வீட்டில் பெருமையாகச் சொன்னேன். "அந்த 60 வருஷத்துல கடை வாடகை பாக்கியும் சேருமா?" என்று கேட்டாள் மனைவி.

சட்டம் இவ்வளவு தாராளம் என்றால் ஊர் அதைவிடத் தாராளம். கல்யாணம், சடங்கு, கிரகப்பிரவேசம், எதற்கு வருகிறவரும் முதலில் கேட்பது, "நாலு மாடல் வாட்ஸப்புல போடுங்க." போடாவிட்டால் ஆர்டர் இல்லை. போட்டால் மாடல் சித்தப்பா, மச்சான், தங்கச்சி மாப்பிள்ளை என்று எல்லாரிடமும் ஒரு சுற்றுப் போய்விட்டு, கடைசியில் அடுத்த தெரு ஃப்ளெக்ஸ் கடைக்குப் போய்ச் சேரும். பூட்டிவைத்த டிசைனைத் திருட ஆளில்லை, வாங்கவும் ஆளில்லை. அதனால் காட்டாமல் காப்பாற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. எதைக் காட்டுவது, எதைக் கையில் வைத்துக்கொள்வது என்பதுதான் விஷயம்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியது ஓப்பன் ஃபைல். கோரல் டிராவிலோ போட்டோஷாப்பிலோ எழுத்து தனி, படம் தனி, பூ தனி என்று அடுக்கடுக்காக இருக்கும் மூல ஃபைல். அது கிடைத்தவர் அரை மணி நேரத்தில் பெயரை மாற்றி, நிறத்தை மாற்றி, அடுத்த முகூர்த்தத்துக்கு இறக்கிவிடுவார். வெறும் ஜேபெக் கிடைத்தவர் பாடு திண்டாட்டம்தான். அந்தத் திண்டாட்டத்தை ஒரு கல்யாணத்தில் நேரிலேயே பார்த்தேன்.

மண்டப வாசலில் என் பேனர். வேறொரு கல்யாணத்துக்கு நான் போட்டது. மாப்பிள்ளையும் பெண்ணும் மாறியிருந்தார்கள். பழைய பெயர்களின் மேல் மஞ்சள் பட்டை அடித்துப் புதுப் பெயர் எழுதியிருந்தது. ஆனால் கீழே 'வாழ்த்தும் நெஞ்சங்கள்' வரிசை அப்படியே இருந்தது. கூலிங் கிளாஸ் போட்டவர், செல்போனைக் காதில் வைத்திருப்பவர், புல்லட்டில் சாய்ந்திருப்பவர் எல்லாம் என் பழைய வாடிக்கையாளரின் பங்காளிகள். அத்தனை முகத்தையும் அழித்து மாற்றத் திருடினவருக்குப் பொறுமை இருக்கவில்லை. பெண்ணின் பெரியப்பா ஒவ்வொரு முகமாக உற்றுப் பார்த்துவிட்டு, "எல்லாரும் உங்க பக்கத்து ஆளுகளா சம்பந்தி?" என்றார். மாப்பிள்ளையின் அப்பா திடுக்கிட்டு, "நான் உங்க பக்கம்னுல்ல நெனச்சேன்" என்றார். சம்பந்தி வீட்டாரைப் பற்றி மேற்கொண்டு விசாரிப்பது மரியாதையில்லை என்று இருவருமே நிறுத்திக்கொண்டார்கள். நான் வாயைத் திறக்க நினைத்த நேரத்தில் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இதற்குத்தான் வாட்டர்மார்க். மூலையில் அடக்கமாகப் போட்டால் ஓரத்தை வெட்டிவிடுவார்கள். அதனால் கடைப் பெயரையும் போன் நம்பரையும் படத்தின் குறுக்கே, முகத்தைத் தொட்டுக்கொண்டு ஓடவிடுவேன். "குறுக்கே ஏதோ எழுத்து ஓடுது தம்பி, அதை எடுத்துட்டு அனுப்புங்க, புடிச்சிருந்தா சொல்றோம்" என்பார்கள். பிடித்தால் சொல்ல மாட்டார்கள் என்பது இந்த வாக்கியத்துக்குப் பொழிப்புரை.

இன்னொருவர் அந்தச் சிரமத்தைக்கூட எனக்குத் தரவில்லை. மாடலாக அனுப்பியதை அப்படியே அச்சடித்து, குழந்தையின் நெற்றியிலிருந்து தாய்மாமன் தோள்வரை என் நம்பர் ஓட, காதுகுத்து மேடையில் கட்டிவிட்டார். அன்று காலையிலிருந்து எனக்குப் போன்மேல் போன். "பந்தி எத்தனை மணிக்கு?" "கெடா வெட்டா, சைவமா?" நடுவில் வெளியூரிலிருந்து ஒரு பெரியவர்: "வர முடியல தம்பி. பேனர்ல போட்ருக்க இந்த நம்பருக்கே மொய்ய ஜிபே பண்ணிரவா?" டிசைன் கூலி வராத வேலைக்கு மொய்யாவது வரட்டுமே என்று நாக்கின் நுனிவரை வந்தது. நாகரிகம் கருதி, குழந்தையின் அப்பா நம்பரைக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அளவையும் குறைத்துவிட்டேன். மாடல் நீளவாக்கில் 600 பிக்சல்தான். செல்போனில் பளிச்சென்று இருக்கும். அதையே 10 அடி பேனராக இழுத்தால் ஒவ்வொரு புள்ளியும் 5 மில்லிமீட்டர் கட்டம் ஆகிவிடும்; மாப்பிள்ளையின் மூக்கு எங்கே தொடங்குகிறது என்பது அவர் அம்மாவுக்கே பிடிபடாது. படத்துக்குள்ளே உரிமையாளர் பெயரைப் பதிந்துவைக்கும் வசதி போட்டோஷாப்பில் உண்டு. ஆனால் வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்பினால் அந்தக் குறிப்பு உதிர்ந்துவிடும். இப்போது மங்கின படத்தைத் துலக்கவும் வாட்டர்மார்க்கை அழிக்கவும் ஏஐ செயலிகள் வந்துவிட்டன. முகத்தை ஏதோ தேற்றிவிடுகின்றன. தமிழ் எழுத்தில் கைவைத்தால் மட்டும் 'பூப்புனித நீராட்டு' கல்வெட்டு ஆய்வாளரிடம் கொண்டுபோக வேண்டிய நிலைக்கு வந்துவிடுகிறது. இதுவரைக்கும் நமக்கு அரண் தமிழ்தான்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். இதய வடிவுக்குள் ஜோடி, சுற்றிலும் ரோஜா என்ற யோசனைக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. பதிப்புரிமை யோசனைக்கு இல்லை, வரைந்த வடிவத்துக்குத்தான். மாப்பிள்ளை காசு கொடுத்து ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட போட்டோ, வேறு விதமாக எழுதிக்கொள்ளாதவரை மாப்பிள்ளைக்கே சொந்தம். கடையில் சம்பளத்துக்கு இருக்கும் பையன் போடும் டிசைன் முதலாளிக்கு. பேனரின் உச்சியில் நாம் அத்தனை பேரும் எங்கிருந்தோ எடுத்து ஒட்டுகிற முருகன், லட்சுமி இருக்கிறார்களே, அவர்களைச் சாமி என்று கும்பிடுகிறோமே ஒழிய வரைந்தவர் யாரென்று கேட்பதில்லை. கோவில்பட்டியில் இருந்துகொண்டு சிவகாசிக் காலண்டர்களுக்குத் தெய்வங்களை வரைந்து கொடுத்த கொண்டையராஜு 1976இல் காலமானார். கணக்குப்படி அவர் படங்களின் உரிமைக்காலம் 2036 கடைசிவரை ஓடுகிறது. அந்த உரிமை வாரிசுக்கா, காசு கொடுத்து வரையவைத்த கம்பெனிக்கா என்பது தனிப் பஞ்சாயத்து. ஊரிலுள்ள பேனர் கடைகளுக்கு இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

தாராள மனசோடு டிசைனைப் பொதுவில் விடுகிறவர்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைப் போட்டு விடலாம். 2002இலிருந்து இருக்கிற ஏற்பாடு. பெயரைப் போட்டு எடுத்துக்கொள், வியாபாரத்துக்கு எடுக்காதே என்றெல்லாம் நிபந்தனை வைக்கலாம். ஆனால் கொடுத்த உரிமத்தைத் திரும்ப வாங்க முடியாது. அந்த வகையில் மொய்யைவிட மோசம். மொய் என்றைக்காவது திரும்பி வரும்.

விற்கிறவர்கள் பில்லிலேயே ஒரு வரி எழுதிவிட வேண்டும்: இந்தக் காசு பேனருக்கு மட்டும், ஓப்பன் ஃபைலுக்கு அல்ல. உரிமையைக் கைமாற்றுவதானால் எழுத்தில், கையெழுத்தோடுதான் செல்லும். எத்தனை காலம் என்று எழுதாவிட்டால் சட்டமே 5 வருஷம் என்று வைத்துக்கொள்கிறது. எந்த இடம் என்று சொல்லாவிட்டால் இந்தியா முழுக்க. காதுகுத்துக்கு அவ்வளவு தேவைப்படாது. ஆனால் மசாலாக் கம்பெனிக்கு லோகோ போட்டுக் கொடுக்கிறவர் எழுதிக்கொள்ளாமல் ஃபைலை அனுப்பக் கூடாது. பதிவு கட்டாயமில்லை என்றாலும், வழக்கு என்று வந்தால் பதிவுச் சான்றிதழ் கைகொடுக்கும்.

வாடிக்கையாளப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓப்பன் ஃபைல் வேண்டுமென்றால் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லுங்கள், விலை பேசி, எழுதித் தருகிறேன். பேனர் கட்டி முடித்த பிறகு பென்டிரைவோடு வந்து, "சும்மா வீட்டுல ஞாபகத்துக்கு வெச்சுக்கத்தான்" என்றால், ஞாபகத்துக்கு ஜேபெக் போதும். 600 பிக்சலில், இலவசமாகவே தருகிறேன்.