மழை பெய்தால் நெட் வரும்

ஊரில் எல்லார் வீட்டிலும் மழை பெய்தால் நெட் போகும். எங்கள் வீட்டில் மழை பெய்தால்தான் நெட் வரும். வெயில் அடித்தால் போய்விடும். இதைப் போனில் சொன்னபோது வாடிக்கையாளர் சேவையில் இருந்த பெண் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு மிகவும் கனிவாக, "சார், ஒரு தடவை ரவுட்டரை ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க" என்றார்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீடு தாத்தா கட்டியது. செங்கலும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்த ஒன்றரை அடிச் சுவர். தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, முற்றம், அடுக்களை என்று ரயில் பெட்டி கோத்த மாதிரி நீளமாகப் போகும். வெயில் நுழையக் கூடாது, திருடன் நுழையக் கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கட்டினார். வைஃபையும் நுழையாது என்பது பாவம், அவருக்குத் தெரிய நியாயமில்லை.

நான் வங்கியில் இருபத்தெட்டு வருடம் குப்பை கொட்டிவிட்டு விருப்ப ஓய்வில் வந்தவன். விருப்ப ஓய்வில் வந்தவனுக்கு வீட்டில் ஒரு வேலைப் பட்டியல் காத்திருக்கும். குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்ற வேண்டும் என்பது மனைவியின் கோரிக்கை. பொங்கலுக்கு அறுந்துபோன துணிக்கொடியைப் புதுக் கயிறு வாங்கிக் கட்ட வேண்டும் என்பது அம்மாவின் கோரிக்கை. இரண்டுக்கும் நான் சொன்ன பதில் "நாளைக்கு". வங்கியில் பழகிய பதில்தான். அங்கே அதை "பரிசீலனையில் உள்ளது" என்று எழுதுவோம்.

மகளுக்குச் சென்னைக் கம்பெனியில் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று ஆனதும் ஆவணி மாதம் ஃபைபர் இணைப்பு எடுத்தோம். நொடிக்கு நூறு என்றார்கள். நூறு எம்பி என்றால் ஒரு ஜிபி சினிமா பத்து விநாடியில் இறங்கிவிடுமே என்று கணக்குப் போட்டேன். வங்கிக்காரன் கணக்கு. இறங்கவில்லை. "அப்பா, அது மெகாபைட் இல்ல, மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தாத்தான் ஒரு பைட்" என்றாள் மகள். எனக்கு உடனே புரிந்தது. எட்டு ஆழாக்கு ஒரு படி. அவர்கள் ஆழாக்கில் நூறு சொல்லியிருக்கிறார்கள், நான் படியில் கனவு கண்டிருக்கிறேன். நூறு ஆழாக்குக்குப் பன்னிரண்டரைப் படிதான் வரும்.

இணைப்புக் கொடுக்க இரண்டு பையன்கள் ஏணியோடு வந்தார்கள். தெருக் கம்பத்திலிருந்து மொட்டை மாடி, அங்கிருந்து இறங்கி முற்றத்துக்குக் குறுக்கே ஒரே இழுப்பு, இரண்டாங்கட்டு ஜன்னல் வழியாக உள்ளே. "சுவரோட ஒட்டிக் கொண்டுபோகலாமே தம்பி" என்றேன். "சுத்திப் போனா ஒயர் பத்தாது அண்ணாச்சி" என்றார்கள். போன பிறகு பார்த்தால், உள்ளே பத்து மீட்டர் ஒயரைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அம்மா முற்றத்தில் நின்று ஒயரை ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டு, "நல்லா விறைப்பாத்தான் கெட்டியிருக்கான்" என்றாள். அம்மா யாரையும் லேசில் பாராட்டுகிறவள் இல்லை.

அப்புறம் அவளுக்கு ஒரு சந்தேகம். "ஏல, வைஃபைன்னா என்னல அர்த்தம்?"

தேடிப் பார்த்தேன். அர்த்தமே கிடையாது. 1999-இல் பெயர் சூட்டுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு நிறுவனம், சொல்ல லேசாக இருக்கட்டும் என்று வைத்த பெயர்.

"அர்த்தமில்லாத ஒண்ணுக்கா மாசாமாசம் எழுநூறு ரூவா குடுக்க?"

ரவுட்டரை எங்கே வைப்பது என்பதில் தொடங்கியது முதல் அத்தியாயம். இரண்டாங்கட்டில் பீரோவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். இரும்பு பீரோ சிக்னலுக்கு முன்னால் வாயிற்காவலன் மாதிரி நின்றது. இந்தப் பெட்டியில் இரண்டு அலைவரிசை உண்டு. ஐந்து கிகாஹெர்ட்ஸ் வேகமாக ஓடும், சுவரைக் கண்டால் உட்கார்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவாகப் போகும், சுவரைக் கொஞ்சம் தாண்டும். எங்கள் தாத்தாவின் சுவரிடம் இரண்டுமே தோற்றன.

பட்டாசலில் டிவிக்குப் பின்னால் வைத்தோம். சீரியல் மட்டும் நன்றாக வந்தது. அடுக்களைப் பக்கம் வைத்தோம். அங்கே மைக்ரோவேவ் அடுப்பு. அது வேலை செய்வது 2.45 கிகாஹெர்ட்ஸில், ரவுட்டருக்குப் பங்காளி. மனைவி ஒரு டம்ளர் காப்பி சூடு பண்ணினால் என் போனில் நெட் ஒரு நிமிஷம் மயங்கி எழுந்தது. தூசி படும் என்று அம்மா ரவுட்டரின் மேல் பூப்போட்ட துணி ஒன்றைப் போர்த்தினாள், அது உள்ளே வெந்தது. ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்தாள். எந்த விளக்கு எரிகிறது, எந்த விளக்கு அணைந்திருக்கிறது என்று தெரியாமல் அன்று முழுக்க நின்றோம். கடைசியில் இரண்டாங்கட்டுக்கும் பட்டாசலுக்கும் நடுவில் வாசல் நிலைக்கு மேலே, தலைக்கு மேல் உயரத்தில் ஆணியடித்து மாட்டியதும் வீடு பூராவும் ஓரளவு கிடைத்தது. கதவு திறந்திருந்தால் எந்தச் சுவரும் ஒன்றும் செய்யாது என்பதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஆறு இடம் தேவைப்பட்டது.

அதோடு தீர்ந்தது என்று நினைத்தோம். அப்போதுதான் அந்தக் காலைக் கண்டம் எங்கள் கண்ணில் பட்டது.

காலை ஒன்பதரைக்கு மகளுக்குக் கம்பெனிக் கூட்டம். சரியாக அந்த நேரத்தில் ரவுட்டரில் சிவப்பு விளக்கு கண்ணடிக்கும். மகள் முகம் பாதி திறந்த வாயோடு உறைந்து நிற்கும். பன்னிரண்டு மணி வாக்கில், யாரும் எதுவும் செய்யாமலே, தானாகச் சரியாகிவிடும். தினமும் அல்ல, ஒன்றுவிட்டு ஒரு நாள்.

போன் போடுவேன். ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்வார்கள். பண்ணுவேன். புகார் எண் தருவார்கள். ஆள் சாயங்காலம் நாலு மணிக்கு வருவார். அப்போது எல்லா விளக்கும் பச்சைப் பசேல் என்று எரியும். "நல்லாத்தான இருக்கு அண்ணாச்சி" என்று தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். அவர் தெருமுனை திரும்புவதற்குள், தங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வரும். இருபத்தெட்டு வருடம் நான் மற்றவர்களுக்கு அனுப்பிய அதே வாக்கியம். அதைப் படிக்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

வீட்டில் ஆளுக்கொரு சித்தாந்தம். கம்பெனிக்காரன் வேண்டுமென்றே காலையில் வேகத்தைக் குறைக்கிறான் என்றாள் மனைவி. வெயிலில் கேபிள் நீளுகிறது என்றார் எதிர்வீட்டுக்காரர். ராகுகாலம் என்றாள் அம்மா. ராகுகாலம் கிழமைக்குக் கிழமை மாறும், இது மாறாமல் ஒன்பதரைக்கே வருகிறதே என்று கேட்டதற்கு, "அப்பம் எமகண்டமா இருக்கும்" என்றாள்.

நான் ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, நேரம், வேகம், வானிலை என்று நாலு பத்தி. பிராட்பேண்ட் என்ற பெயருக்கு நொடிக்கு 256 கிலோபிட்டாவது வேண்டும் என்று 2004-இல் அரசு சொன்னது. 2023-இல் அதை 2 மெகாபிட்டாக உயர்த்தினார்கள். காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டில் வந்த வேகத்துக்கு 2004-இலேயே அந்தப் பெயர் கிடைத்திருக்காது.

நோட்டில் மர்மங்கள் சேர்ந்தன. ஞாயிற்றுக்கிழமை மகா மோசம், இரண்டு மணிவரை எழுந்திருக்காது. ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் அடைமழை. அந்த மூன்று நாளும் நெட் தங்கமாக ஓடியது. எல்லாவற்றையும்விட விசித்திரம், மாநகராட்சித் தண்ணீர் வரும் நாளில் நெட் போகிறது, வராத நாளில் இருக்கிறது. தாமிரபரணிக்கும் எங்கள் ரவுட்டருக்கும் என்ன பகை? குழாயும் கேபிளும் எங்கேயோ உரசுகின்றன என்று முடிவு கட்டி, மூன்று நாள் வீட்டுச் சுவரை டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்த நாட்களில் அம்மாகூடத் துணிக்கொடிக் கயிற்றைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள். பிள்ளை படும் பாட்டைப் பார்த்துப் பெற்ற மனம் இரங்கிவிட்டது என்று நெகிழ்ந்தேன்.

புகாரில் திருப்தி இல்லாவிட்டால் அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-இலேயே விதி போட்டிருக்கிறது. எழுத ஆரம்பித்தேன். பதினொரு புகார் எண், நோட்டின் நகல், மன உளைச்சலுக்கு இழப்பீடு. நாலு பக்கம். வங்கியில் எத்தனையோ பேர் எனக்கு எழுதிய மனுக்களில் இருந்த நல்ல வரிகளெல்லாம் அப்போது கைகொடுத்தன. கையெழுத்துதான் பாக்கி.

அன்று பார்த்து, முந்தின வீடு பூட்டியிருந்ததால், சாயங்காலம் வர வேண்டிய பையன் காலை பத்தரைக்கே வந்துவிட்டான். தண்ணீர் வந்த நாள். நல்ல வெயில். சிவப்பு விளக்கு கண்ணடித்துக்கொண்டிருந்தது. எனக்கு வந்த சந்தோஷம், பல்வலி ஒருவழியாக டாக்டர் முன்னால் வலித்தால் வருமே, அந்தச் சந்தோஷம்.

ஒயரைக் கழற்றிக் கையடக்க மீட்டர் ஒன்றில் செருகினான். "மைனஸ் இருபத்தொம்பது காட்டுது அண்ணாச்சி. இருபது, இருபத்திரண்டுன்னா ராஜா மாதிரி ஓடும். இருபத்தேழத் தாண்டினா செத்துச் செத்துப் பிழைக்கும். மூணு இறங்குனா வெளிச்சம் பாதின்னு அர்த்தம்." எங்கேயோ வெளிச்சம் ஒழுகுகிறது என்றான். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. தலைமுடி கனம்தான். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஒளி ஓடுகிறது. இழை சற்றே வளைந்தால் ஒளியும் கூடவே வளைந்து போய்விடும். நறுக்கென்று மடக்கினால் மடங்கிய இடத்தில் வெளியே கசிந்துவிடும்.

ஒயரை விரலால் தடவிக்கொண்டே நடந்தான். நானும் பின்னால் போனேன். ஜன்னல் விளிம்பில் ஒயர் முழங்கை மாதிரி மடங்கியிருந்தது. அவன் ஜன்னல் வழியாக முற்றத்தை எட்டிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

முற்றத்துக்குக் குறுக்கே ஒயர் வில்லாக வளைந்து தொங்கியது. அதன் மேல் வரிசையாக இரண்டு துண்டு, ஒரு புடவை, ஒரு போர்வை. நட்டநடுவில், சொட்டச் சொட்ட, என்னுடைய எட்டு முழ வேட்டி.

பையன் வேட்டியைப் பயபக்தியோடு எடுத்து என் தோளில் போட்டான். போர்வையை எடுத்தான். ஒயர் மூச்சுவிட்டு மேலே எழும்பியது. உள்ளேயிருந்து மகள், "அப்பா! வந்துட்டு!" என்று கத்தினாள்.

தண்ணீர் வரும் நாளில் துவைப்பு. ஒன்பது மணிக்குக் காயப்போடுவது. பன்னிரண்டு மணிக்குக் காய்ந்து கனம் குறைவது. ஞாயிற்றுக்கிழமை போர்வை, ஜமுக்காளம். மழை நாளில் துவைப்பே கிடையாது. என் நோட்டில் இருந்தது எங்கள் வீட்டு வண்ணான் கணக்கு.

"அம்மா, இதுலயா துணி காயப்போட்டே?"

"பின்ன? கொடி கெட்டித் தாலன்னு எத்தன மாசமாச் சொல்லிட்டிருந்தேன். அந்தப் பயலுவ வந்து கெட்டவும், நீதான் ஆள் விட்டுக் கெட்டச் சொல்லியிருக்கேன்னுல்லா நெனச்சேன்."

"ஒரு துணிக்கொடி கெட்ட ரெண்டு ஆளு ஏணியோட எதுக்கு வரணும்னு தோணலையா?"

"நீ ஆள் விட்டுச் செய்யிற வேல அப்படித்தானல இருக்கும்?"

பையன் போனில் புகாரை முடிக்கக் காரணம் தேடினான். மின்தடை, கேபிள் துண்டிப்பு, அடாப்டர் பழுது என்று ஒரு பட்டியல் இருந்தது. வேட்டி என்று அதில் இல்லை. "வாடிக்கையாளர் வளாகத்தில் கோளாறு" என்று போட்டான். மறுக்க முடியவில்லை. ஆனாலும் கை எட்டும் உயரத்தில் முற்றத்துக்குக் குறுக்கே இழுத்தது அவர்கள் ஆட்கள்தானே என்றேன். ஒத்துக்கொண்டான். சுருட்டி வைத்திருந்த பத்து மீட்டரை அவிழ்த்து, சுவரோரமாகவே கிளிப் அடித்துக் கொண்டுபோனான். ஒயர் தாராளமாகப் பத்தியது.

நாலு பக்க மனு பீரோவுக்குள் போனது. நிறுவனத்தின் மேல் எனக்கு இருக்கும் ஒரே மனக்குறை, பதினொரு முறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னவர்கள், ஒரு முறையாவது "ஒயர் போகும் வழியை நடந்து பாருங்கள்" என்று சொல்லியிருக்கலாம். உங்களுக்கு நான் சொல்கிறேன்: போனை எடுப்பதற்கு முன்னால் ஒயரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை ஒருதரம் நடந்துவிடுங்கள்.

அன்று சாயங்காலமே கடைத்தெருவுக்குப் போய் நைலான் கயிறு வாங்கிவந்து கொடி கட்டினேன். பத்து நிமிஷ வேலை. அம்மா இழுத்துப் பார்த்துவிட்டு, "அந்தப் பயலுவ கெட்டினதுதான் விறைப்பா இருந்துச்சு" என்றாள்.

இப்போது வெயில் அடித்தாலும் நெட் வருகிறது. குழாய்க்கு வாஷர் நாளைக்கு மாற்ற வேண்டும்.