இணைப்பு: வரைபடம் ஒன்று

எனது இல.: இல்லை
உமது இல.: மிக நீளம், நடுவில் மூன்று சாய்கோடுகள்

வரைபடங்களுக்குப் பொறுப்பான மேலதிகாரி அவர்கள்,
தலைமைக் கந்தோர்.

சேர்,

உங்கள் கடிதம் கிடைத்தது. பொத்துவிலில் நிலத்துக்குக் கீழே ஓடும் குழாய்களின் முழுமையான வரைபடத்தை மூன்று பிரதிகளில், ஏழு நாட்களுக்குள் அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். கடிதம் எங்கள் கைக்கு வந்தபோது அந்த ஏழு நாளும் முடிந்து, மேலே பன்னிரண்டு நாள் ஓடியிருந்தது. நாங்கள் கோபப்படவில்லை. வருகிற வழியில் கொஞ்சம் கசிவது எந்தக் குழாயிலும் உள்ளதுதான்.

வரைபடம் இருக்கிறது. ஆனால் ஒரேயொரு பிரதி. வயது ஐம்பத்தொன்பது, சாரம் கட்டியிருக்கும், பல்லில் வெற்றிலைக் கறை, இடது காதைவிட வலது காது நன்றாகக் கேட்கும். ஊரில் எல்லோரும் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கந்தோர்ப் பதிவேட்டில் அவர் ‘அமைய ஊழியர்’. சுனாமி முடிந்த கையோடு வேலைக்கு வந்தவர், இன்றுவரைக்கும் அமைந்துகொண்டே இருக்கிறார்.

இந்த வரைபடத்தை வாசிக்கும் முறையை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. பசரிச்சேனையில் ஒரு குறிப்பிட்ட ஒழுங்கையில் குழாய் எங்கே போகிறது என்று கேட்டால், “அந்த மாமரத்துக்கு இங்கால ரெண்டு முழம்” என்று பதில் வரும். அங்கே மாமரம் கிடையாது. வெட்டிப் பத்து வருடமாகிறது, இப்போது அந்த இடத்தில் ஒரு மதில் நிற்கிறது. ஆனாலும் காக்கா இல்லாத மரத்திலிருந்து இரண்டு முழம் அளந்து காலால் ஒரு கோடு கீறுவார். அந்தக் கோட்டில் அலவாங்கைப் போட்டால் ஒன்றரை அடியில் நீலக் குழாய் தெரியும். இன்னொரு கேட் வால்வு ஒரு பலசரக்குக் கடையின் சிமெந்துத் தரைக்கு அடியில் இருக்கிறது. கடைக்காரருக்கே அது தெரியாது. எங்கள் வரைபடத்தில் அதற்கான குறியீடு: ‘கீரிச்சம்பா மூட்டைக்குக் கீழ’.

அளவுத்திட்டம் என்னவென்று உங்கள் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. ‘முழம்’ என்று நிரப்பியிருக்கிறேன். யாருடைய முழம் என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். அதனால்தான் மூலப் பிரதியையே அனுப்புகிறேன்.

கசிவு பிடிப்பது இரவு வேலை. பகலில் வீடுகளில் குழாய் திறந்திருக்கும், முச்சக்கர வண்டி ஓடும், ஒன்றும் கேட்காது. இரவு இரண்டு மணிக்குப் போவோம். காக்கா நான்கடி இரும்புக் கம்பியொன்றை வால்வின் தலையில் ஊன்றி, மறுமுனையை வலது காதோடு சேர்த்து வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அப்போது நாய் குரைத்தால் அந்த நாயைக் கலைப்பதற்கென்றே ஒருவன் இருக்கிறான் (அவனும் அமைய ஊழியன்தான்). ஒரு முறை எனக்கும் அந்தக் கம்பியைத் தந்தார். தூரத்தில் ஆப்பச்சட்டியில் மா சுற்றுகிற மாதிரி ஒரு ‘ஸ்ஸ்ஸ்’ கேட்டது. “பிடிச்சிட்டன் காக்கா!” என்று துள்ளினேன். “இல்ல மகன், அது மில்லுட மோட்டர். தண்ணி அழுதா இன்னும் மெல்லிசா அழும்” என்றார். அடுத்த வால்வில் அவர் வைத்துக் கேட்டு, பத்து எட்டு நடந்து, நின்ற இடத்தில் செருப்பைக் கழற்றி வைத்தார். காலையில் செருப்புக்கு நேர் கீழே தோண்டினோம். சொக்கற் வெடித்திருந்தது.

காதால் கேட்டுக் கண்டுபிடிப்பது விஞ்ஞானமா என்று உங்கள் பொறியியலாளர் ஒருவர் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். பிரித்தானியாவில் 2017ஆம் ஆண்டு ஒரு பெண் ஆராய்ச்சியாளர் அங்குள்ள பன்னிரண்டு தண்ணீர்க் கம்பனிகளிடம் விசாரித்தார். வளைந்த கம்பிகளைக் கையில் ஏந்தி, அவை தானாக ஆடும் இடத்தில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்லும் ஊழியர்கள் தங்களிடம் இருப்பதாகப் பத்துக் கம்பனிகள் ஒப்புக்கொண்டன. எங்கள் கம்பி தானாக ஆடுவதில்லை, சேர். ஊன்றினால் நிற்கும், ஒலியைக் காதுக்குக் கொண்டுவரும். இதுவரை எங்களைப் பிரித்தானியாவோடு ஒப்பிட்டுப் பேசியவர்கள் எல்லோரும் எங்களைக் குறைத்துத்தான் பேசினார்கள். இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறோம்.

இனி ஒரு காபெட் வீதியின் கதை. வீதி ஒரு கந்தோருக்குச் சொந்தம், குழாய் இன்னொரு கந்தோருக்கு, ஓரத்துக் கான் மூன்றாவது கந்தோருக்கு. தண்ணீர் மட்டும் மூன்றிலும் போகும். காபெட் போடுவதற்கு முதல் நாள் காக்கா போய், “சேர், இதுக்குக் கீழ ஒரு சொக்கற் அழுதுகிட்டுக் கிடக்கு. ரெண்டு மணித்தியாலம் தாங்க, தைச்சிட்டுப் போறம்” என்று கேட்டார். எழுத்தில் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தோம். வரைபடத்தோடு தரச் சொன்னார்கள். வரைபடம்தானே முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தது! அதற்கு முத்திரை இல்லையாம். காபெட் போட்டார்கள், நாடா வெட்டினார்கள், படம் எடுத்தார்கள். பதினோராம் நாள் அந்த வழவழப்பான கறுப்பில் ஒரு கொப்புளம் எழும்பியது. பள்ளிவாசலுக்கு வந்த சிறுவர்கள் அதைக் காலால் மிதித்து விளையாடினார்கள். அதற்குப் பிறகு வீதி வெட்டும் அனுமதி வந்தது, கூடவே வைப்புப் பணத்துக்கான பற்றுச்சீட்டும்.

ஆறு மில்லிமீற்றர் ஓட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், பென்சில் பருமன்கூட இல்லை. பத்து மீற்றர் உயரத் தாங்கியின் அழுத்தத்தில் அது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20,000 லீற்றரை வெளியே விடும். இருபது யூனிட். இங்கே ஒரு குடும்பம் ஒரு மாதம் முழுவதும் பாவிக்கிற தண்ணீர். 2022 செப்டெம்பரில் கட்டணம் கூடியது, 2023 ஓகஸ்டில் மறுபடியும் கூடியது. குடும்பம் குளிப்பதைக் குறைத்துக்கொண்டது. ஓட்டைக்கு மீற்றர் இல்லாததால் அது பழைய மாதிரியே குளித்துக்கொண்டிருந்தது. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்து 2025 மே மாதம் தேர்தல் நடக்கும் வரை முறையிட ஓர் உறுப்பினர்கூட இருக்கவில்லை. சனம் நேரே காக்காவின் வீட்டு வாசலுக்கு வந்தது. அவருடைய உம்மா தேத்தண்ணி ஊற்றியே களைத்துப்போனா.

பள்ளிவாசலின் தண்ணீர்த் தொட்டியான ஹவுழைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊரின் அழுத்தமானி அதுதான். சுபஹுக்கு முன் வுழூ எடுக்கும் குழாயில் தண்ணீர் சிறுவிரல் பருமனுக்கு விழுந்தால் அன்றைக்கு ஊருக்குப் பயமில்லை. நூல்போல விழுந்தால் மோதினார் பாங்கு சொல்ல முன்னரே காக்காவுக்குப் போன் போட்டுவிடுவார். உங்கள் முறைப்பாட்டு இலக்கத்தை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் மோதினார் முந்திவிடுகிறார்.

கடல் பார்க்க வருகிறவர்களுக்கு நல்ல காலம் மே தொடக்கம் ஒக்டோபர் வரை. அறுகம்பையில் அலை எழும்பும் மாதங்கள் அவை. எங்கள் பக்கம் மழை குறைந்த மாதங்களும் பெரும்பாலும் அவையே. ஹெட ஓயா மெலிந்து மணல் தெரியும் நேரத்தில் உல்லையில் அறைகள் நிறையும், ஒவ்வொரு வெள்ளைக்காரரும் அலையிலிருந்து வந்து உப்புப் போக இரண்டு தரம் குளிப்பார். உடனே யாரோ ஒருவர் குழாயில் நேரே மோட்டரைப் பூட்டி உறிஞ்சுவார், அடுத்த வீட்டில் குழாயைத் திறந்தால் காற்று மட்டும் வரும். அந்தக் காற்றிலும் மீற்றர் சுற்றும், சேர். காற்றுக்கும் பில் வாங்கிய பெருமை எங்கள் பகுதிக்கு உண்டு.

ஆனால் நான் பயப்படுவது பில்லுக்கு இல்லை. அழுத்தம் போன குழாயில் ஓட்டை வெளியே விடுவதை நிறுத்திவிட்டு உள்ளே இழுக்கத் தொடங்கும். எதை இழுக்கும் என்பதுதான் கேள்வி. இந்த இடத்தில் உங்கள் மற்றச் சுற்றுநிருபம் நினைவுக்கு வருகிறது. சிங்களத்தில் வந்தது, மூன்று மாதம் கழித்துத் தமிழும் வந்தது. ‘மனித ஓட்டைகளில் இறங்கும்போது கைக்கொள்ள வேண்டிய பாதுகாப்பு’ என்று தலைப்பு. ஒரு நாள் முழுவதும் தலையைப் பிய்த்துக்கொண்டோம். கடைசியில் கல்முனையில் படிக்கிற பிள்ளையொன்றுதான் அது மேன்ஹோல் என்று சொன்னது. கழிவுநீர்க் குழாயில் ஆள் இறங்கும் வாய்.

எங்களிடம் அப்படி ஒன்றுகூட இல்லை. நாட்டிலேயே நூற்றுக்கு இரண்டு பேரளவுக்குத்தான் கழிவுநீர்க் குழாய் வசதி இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் கொழும்பில், வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கி வைத்தது. எங்களுக்கு வீட்டுக்கு வீடு குழிதான். கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் ஐம்பதடி இருக்க வேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர் சொல்லுவார். பத்துப் பேர்ச் காணி சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஐம்பத்திரண்டு அடி. ஒரு மூலையில் கிணறு, எதிர் மூலையில் குழி என்று வைத்துத் தப்பிக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் வாப்பாமார் பெண் பிள்ளைகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம் முடிப்பார்கள். மூன்று பெண் பிள்ளைகள் என்றால் அதே வளவு மூன்று துண்டு, மூன்று வீடு, மூன்று குழி. தண்ணீர் மீற்றர் மட்டும் இன்னமும் உம்மாவின் பெயரில் ஒன்று. மூத்த மருமகனின் குழி இளைய மகளின் குழாய்க்கு எத்தனை அடியில் இருக்கிறது என்பது எந்தக் கோவையிலும் கிடையாது. காக்கா சொல்லுவார். அந்தக் கலியாணங்களுக்கெல்லாம் அவர்தான் பைப் இழுத்தவர், சாப்பிட்டும் இருக்கிறார்.

அவருக்கு வருகிற வருடம் அறுபது. அமைய ஊழியருக்குப் பிரியாவிடை எதுவும் கிடையாது, மறுநாள் வரவேண்டாம் என்றால் முடிந்தது. உம்மாவையும் கூட்டிக்கொண்டு சம்மாந்துறையில் மகள் வீட்டோடு போய் இருக்கப் போவதாகச் சொல்கிறார். பொத்துவிலின் குழாய்கள் முழுவதும் அன்றைக்கு அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறிப் போகும். நிரந்தர நியமனம் கேட்டு அவர் எழுதிய கடிதங்களுக்கு, கல்வித் தகைமைக்கான ஆதாரம் இணைக்கப்படவில்லை என்று ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. இந்தத் தடவை நீங்களாகவே வரைபடம் கேட்டிருப்பதால் ஆதாரத்தையே அனுப்பிவிடுகிறோம்.

மூன்று பிரதி கேட்டிருந்தீர்கள். இரண்டு பையன்களை அவரோடு ஒரு வருடம் நடக்கவிட்டுச் சம்பளம் கொடுத்தால் பிரதி எடுத்துவிடலாம், வேறு இயந்திரம் தேவையில்லை. நாய் கலைக்கிறவன் ஒருவன் தயாராக இருக்கிறான், காது நல்ல காது. ‘மெய்ப்பிரதி’ என்று முத்திரை குத்தித் தரும்படி சமாதான நீதவான் ஒருவரிடம் காக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கே குத்துவது என்று கேட்டார். தோளில் குத்தலாம் என்றேன். அவர் சிரித்துவிட்டுத் தன் வீட்டு வாசல் குழாயில் தண்ணீர் வராததைக் காட்டினார். காக்கா குனிந்து பார்த்து, சின்ன வால்வை அரைச் சுற்றுத் திருப்பினார். வந்தது.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
குழாய் திருத்தும் தொழிலாளி (அமைய)

இணைப்பு: ஒன்று. இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் மேசைக்கு முன்னால் நிற்கிறார். மடிக்க வேண்டாம். வெள்ளிக்கிழமைக்கு முன் திருப்பி அனுப்பவும், ஜும்ஆவுக்கு ஹவுழ் நிரம்ப வேண்டும்.